பழைய எஃகு ஃபிரேமில் உங்கள் சைக்கிள்: வாங்குவது முதல் விற்பது வரை

பழைய எஃகு சைக்கிளைத் தேடிப் போகும்போது பையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மலிவான டிஜிட்டல் காலிப்பரே போதும். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தவர்களின் மொட்டை மாடிகளில்தான் பாதி கட்டிய சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இருக்கையைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் 0.4 மி.மீ. பெரிதாக இருந்தால் குழாய்க்குள் போகாது. 0.4 மி.மீ. சிறிதாக இருந்தால் ஓட்ட ஓட்ட இருக்கை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்துக்கு ஓர் அளவு, இத்தாலிக்கு இன்னொன்று, பிரான்சுக்கு வேறொன்று, ஜப்பானுக்கு மற்றொன்று என்று வளர்ந்த தொழில் இது. பழைய உதிரிபாக வியாபாரத்தின் லாபமும் நஷ்டமும் இந்த அளவுகளில்தான் இருக்கின்றன.

ஒரு பழைய ஃபிரேமை வாங்கி, பழைய பாகங்களைச் சேர்த்து, உங்கள் உடலுக்கும் பாதைக்கும் ஏற்ற சைக்கிளைக் கட்டுவது எப்படி, மிஞ்சியதை விற்றுக் காசை மீட்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த ஃபிரேமில் தொடங்குவது

எஃகைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பழமைப் பாசம் மட்டுமல்ல. எஃகு ஃபிரேம் வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் பற்றவைக்கலாம், பின் சக்கர இடைவெளி போதவில்லை என்றால் விரிக்கலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் இந்த வேலைகளைத் துணிந்து செய்ய முடியாது. ஆகவேதான் நாற்பது ஆண்டு பழைய எஃகு ஃபிரேமுக்கு இன்றும் ஆள் இருக்கிறது.

நம் ஊரில் கண்ணில் படும் ஃபிரேம்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தாத்தா காலத்து ரோட்ஸ்டர். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களில் அனுப்பிய வண்டிகள். லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ, ஏவான் போன்றவை. அதற்கும் முந்தைய ராலே, ஹம்பர் போன்ற இறக்குமதிகள். கனமான எஃகு, 28 × 1½ அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், படுத்த கோணத்தில் நிற்கும் முன் ஃபோர்க். இந்த வண்டியை வேகமான சைக்கிளாக மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். அதன் கோணமும் நீளமும் நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாகப் போவதற்காகவே அமைந்தவை. முழுமையாக இருக்கும் ரோட்ஸ்டரை முழு ரோட்ஸ்டராகவே புதுப்பியுங்கள்.

இரண்டாவது, 1990களில் வந்த எம்.டி.பி. என்ற மலைப் பாதை சைக்கிள் வகை. பெரும்பாலும் சாதாரண ஹை-டென்சைல் எஃகு, கனம் அதிகம். ஆனால் 26 அங்குலச் சக்கரத்துக்கு இன்றும் டயர் கிடைக்கிறது, அகலமான டயருக்கு இடமிருக்கிறது, முதுகு வலிக்காத நிலையில் ஓட்டலாம். முதல் முறை கட்டுபவருக்கு என் பரிந்துரை இதுதான். கெடுத்துவிட்டாலும் நஷ்டம் சிறிது.

மூன்றாவது, ஜப்பான், இத்தாலி, இங்கிலாந்து ரோடு சைக்கிள்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளிலிருந்தும் பந்தயம் ஓட்டியவர்களிடமிருந்தும் எப்போதாவது வெளிவரும். வியாபாரத்தின் சுவையும் ஆபத்தும் இங்கேதான் அதிகம்.

நான்காவது, குறுக்குப் பார் தாழ்ந்த லேடீஸ் ஃபிரேம். ஏனோ வாங்குபவர்கள் இதை மதிப்பதில்லை. அதனால் விலை குறைவு. சந்தைக்குப் போய்வர, வேட்டியோ சேலையோ கட்டிக்கொண்டு ஓட்ட இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். இப்போது அதே லேடீஸ் ஃபிரேம் காயலாங்கடையில் எடைக்குக் கிடக்கிறது.

ஸ்டிக்கரை நம்பாதீர்கள், சீட் போஸ்ட்டைக் கேளுங்கள்

உயர்ந்த குழாயா, மட்டமான குழாயா என்று ஃபிரேமைப் பார்த்தவுடன் எப்படிச் சொல்வது? பிர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897இல் முனைகள் தடித்து நடுப்பகுதி மெலிந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றது. 1935இல் அதே நிறுவனம் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் கலந்த 531 குழாய் பல பத்தாண்டுகள் பந்தய சைக்கிள்களை ஆண்டது. மிலானில் கொலம்பஸ், ஜப்பானில் டாங்கே ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. இந்தப் பெயர்கள் கொண்ட ஸ்டிக்கர்கள் இன்று அச்சடித்தே விற்கப்படுகின்றன. எனவே ஸ்டிக்கர் சான்று ஆகாது.

எஃகு எந்த வகையானாலும் அதன் அடர்த்தியும் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். நல்ல கலவை எஃகின் பெருமை அதன் வலிமை. வலிமை கூடுவதால் குழாயின் சுவரை மெல்லியதாக்க முடிகிறது, அதனால் எடை குறைகிறது. அப்படியானால் சுவரின் தடிமனை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பெரும்பாலான பழைய ஃபிரேம்களில் சீட் போஸ்ட் இறங்கும் குழாயான சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. உள்ளே போகும் சீட் போஸ்ட் 27.2 மி.மீ. என்றால், சுவர் சுமார் 0.7 மி.மீ. மட்டுமே; நல்ல குழாய். 26.4 அல்லது 26.6 என்றால் நடுத்தரம். 25.4 என்றால் சுவர் 1.6 மி.மீ.; ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும் அது சாதாரணக் குழாய். சீட் போஸ்ட்டின் அடிப்பகுதியில் அளவு பொறித்திருக்கும். ஆனாலும் காலிப்பரால் அளந்துவிடுங்கள்; யாரோ தவறான போஸ்ட்டைத் தட்டி ஏற்றியிருக்கலாம்.

கொலம்பஸின் உயர்ரகக் குழாயான எஸ்.எல்.எக்ஸ். என்று சொல்லி விற்க வந்தால், பெடல் அச்சு சுழலும் அடிக்குழாயைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சேரும் குழாய்களின் உட்புறத்தில் சுருள் வரம்புகள் ஓட வேண்டும். இல்லையென்றால் அது எஸ்.எல்.எக்ஸ். இல்லை.

விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் வண்டி யாருடையது என்று தெரிய வேண்டும். ஃபிரேம் எண் பெரும்பாலும் அடிக்குழாயின் கீழோ சீட் டியூபிலோ குத்தப்பட்டிருக்கும். அந்த எண் ராவப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பழைய வண்டிக்குப் பில் இருக்காது. விற்பவரிடம் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது பெரிய வேலை இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உயர்ந்த வண்டி நம்ப முடியாத விலைக்கு வருகிறது என்றால் ‘தெரியாது’ என்று சொல்லித் தப்புவது கடினம்.

அடுத்து விபத்துத் தடம். முன்புறமாக எதிலாவது மோதிய வண்டியில், ஃபோர்க் நுழையும் முன்குழாயான ஹெட் டியூபுக்குப் பின்னால், அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு புடைப்போ சுருக்கமோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலை ஓட்டினால் தெரியும். அதே இடத்தில் பெயின்ட் கோடு கோடாக வெடித்திருந்தாலும் அதே பொருள்தான். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஃபோர்க்கின் மேற்பகுதி ஹெட் டியூபின் நேர்கோட்டிலேயே இறங்கி, பிறகுதான் முன்னோக்கி வளைய வேண்டும். மேலேயே பின்னுக்குத் தள்ளியிருந்தால் அது அடி வாங்கிய வண்டி. ஃபோர்க் மட்டும் வளைந்திருந்தால் பிழைக்கும். கீழ்க்குழாய் சுருங்கியிருந்தால் வேண்டாம். குழாயை மாற்றும் செலவு ஃபிரேமின் விலையைத் தாண்டிவிடும்.

பிறகு நூல் சோதனை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின் அச்சு உட்காரும் வாயின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்க வாய்க்கு இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளங்கள். 1 மி.மீ. வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 3 மி.மீ. என்றால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எஃகு என்பதால் நிமிர்த்திவிடலாம், அந்த வேலையைச் சொல்லி விலையையும் குறைக்கலாம்.

துரு. வெளித்துரு பயமுறுத்தும், ஆனால் ஆபத்து உள்துருவில்தான். மழையில் நின்ற வண்டியில் சீட் டியூப் வழியாக இறங்கிய நீர் அடிக்குழாயில் தேங்கும். ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். செந்தூளாகக் கொட்டினால் பரவாயில்லை; தகடு தகடாக வந்தால் சுவர் மெலிந்திருக்கிறது. பெயின்டுக்கு அடியில் கொப்புளம் போல் எழும்பிய இடங்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

கடைசியாக, சீட் போஸ்ட்டும் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெமும் அசைகின்றனவா? எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட் பல ஆண்டு அசையாமல் கிடந்தால் இரண்டும் அரித்து ஒன்றாகிவிடும். எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டு, போஸ்ட்டின் தலையை வைஸில் பிடித்து ஃபிரேமையே திருப்பினால் பல நேரம் வந்துவிடும். வராவிட்டால் உள்ளேயிருந்து ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டும், அது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும் வேலை. அசையாத போஸ்ட் உள்ள வண்டிக்கு நான் பாதி விலைக்கு மேல் சொல்லமாட்டேன்.

அளவெடுத்தல்: இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்

ஒரு பாகமும் வாங்குவதற்கு முன், ஃபிரேமின் ஏழு அளவுகளை ஒரு அட்டையில் எழுதி அதிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

பெடல் அச்சு சுழலும் அடிக்குழாய், கடைக்காரர் மொழியில் பி.பி. அதன் அகலம் 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 இழை. அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கப் இடது மரை. அதாவது கழற்றுவதற்கு வலப்புறமாகச் சுற்ற வேண்டும். இதை அறியாமல் நெம்பி மரையை அழித்தவர்கள் ஏராளம். 70 மி.மீ. அகலம் என்றால் இத்தாலி மரை. விட்டம் 36 மி.மீ., இரு பக்கமும் வலது மரை. பழைய பிரெஞ்சு வண்டியில் அகலம் 68 ஆனாலும் விட்டம் 35 மி.மீ., இழை இடைவெளி 1 மி.மீ., இரு பக்கமும் வலது மரை. ராலே தனக்கென்று 26 இழை மரை வைத்திருந்தது. 24 இழைக் கப்பை 26 இழைக் குழாயில் ஏற்ற முயன்றால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்துங்கள்.

பின் சக்கரத்துக்கான இடைவெளி. பழைய ஐந்து கியர் வண்டியில் 120 மி.மீ., ஆறு அல்லது ஏழு கியரில் 126, எட்டும் அதற்கு மேலும் கியர் கொண்ட ரோடு சைக்கிளில் 130, எம்.டி.பி.யில் 135. ஒரு கியர் ரோட்ஸ்டரில் 120ஐ விடவும் குறையும். முன் பக்கம் பெரும்பாலும் 100. எஃகு ஃபிரேமை 126இலிருந்து 130க்கு விரிப்பது வழக்கமான வேலைதான். இரு பக்கமும் 2 மி.மீ. வீதம் விரித்து, மறுபடி நூல் சோதனை செய்து, அச்சு வாய்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 120ஐ 135 ஆக்குவது வேண்டாத வீரம்.

சக்கர அளவில்தான் வாங்குபவர் அதிகம் ஏமாறுகிறார். ‘28 அங்குலம்’ என்று டயரில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. டயர் உட்காரும் ரிம் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும் எண்ணைத் தேடுங்கள். நம் ரோட்ஸ்டரின் 28 × 1½ என்பது 635. ரோடு சைக்கிளின் 700சி என்பது 622. அதையும் சில நாடுகளில் 28 என்றே சொல்கிறார்கள். 27 × 1¼ என்பது 630. 26 × 1⅜ என்பது 590. எம்.டி.பி. 26 என்பது 559. இந்த ஐந்தில் ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் சரியாக உட்காராது. 27 அங்குல வண்டியில் 700சி சக்கரம் போட்டால் ரிம் 4 மி.மீ. கீழே இறங்கும், பிரேக் கட்டையை அந்த அளவுக்கு இறக்க முடிந்தால் போதும், இல்லையென்றால் நீண்ட கை கொண்ட பிரேக் வாங்க வேண்டும். 635இலிருந்து 622க்கு வந்தால் இறக்கம் 6.5 மி.மீ.

ஃபோர்க் திரும்புவதற்கான பால்ரஸ் தொகுதியான ஹெட்செட்டில், ஃபோர்க்கின் அடியில் கப் இறுகும் இடத்தை அளங்கள். 1 அங்குல வகையில் 26.4 மி.மீ., 27.0 மி.மீ. என்று இரண்டு அளவுகள் உண்டு. 27.0 ஃபோர்க்கை லேத்தில் கடைந்து 26.4 ஆக்கலாம். மறுபக்கம் போக வழியில்லை.

மீதமுள்ள மூன்றும் சுலபம். ஸ்டெம் உள்ளே போகும் விட்டம்: வழக்கமாக 22.2 மி.மீ., பழைய பிரெஞ்சு 22.0. ஹேண்டில்பாரின் நடுப்பகுதி: 25.4 அல்லது 26.0. சீட் போஸ்ட்: ஏற்கெனவே பார்த்தது. ஹேண்டில்பார் மாற்றுகிறவர்கள் கைப்பிடிப் பகுதியையும் அளக்க வேண்டும்; நேரான ஹேண்டில்பாரில் அது 22.2, வளைந்த பந்தய ஹேண்டில்பாரில் 23.8. எம்.டி.பி. பிரேக் லீவர் பந்தய ஹேண்டில்பாரில் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

துரு, நேராக்கல், பெயின்ட்

எல்லாவற்றையும் கழற்றியபின் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பின் சக்கரத்தின் பல் சக்கரமான ஃப்ரீவீலைக் கழற்றுவதற்கு முன் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒருபோதும் வெட்டாதீர்கள். ஃப்ரீவீல் மரையில் இறுகியிருக்கும்; அதைத் திருப்ப ரிம்தான் பிடிப்பு. ரிம் போய்விட்டால் சக்கரத்தின் நடுப்பகுதியான அந்த ஹப் ஏறத்தாழ வீண்.

மேல்துருவுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் நல்லது. தண்ணீரில் சில கரண்டி கரைத்து எஃகு, குரோம் பாகங்களை ஓரிரவு ஊறவிட்டால் துரு கரைந்துவிடும், குரோம் கெடாது. அலுமினியத்தை அதில் போடாதீர்கள். அது நஞ்சு, கையுறை அவசியம், குழந்தைகளும் நாய்களும் வராத இடம் அவசியம், எடுத்தபின் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி உடனே காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். காயாமல் விட்ட எஃகில் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு பூக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

பவுடர் கோட்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் பட்டறையில் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: மெல்லிய குழாய் என்பதால் கரடுமுரடான மணலால் வீசக் கூடாது, மரைகளையும் ஹெட்செட் கப் இறங்கும் வாயையும் மூட வேண்டும், ஃபிரேம் எண் நிரம்பிப் போகும்படி தடியாகப் பூசக் கூடாது. அடுப்பின் சூடு 200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பித்தளைப் பற்றவைப்புக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. என் விருப்பம் கேட்டால், பழைய பெயின்ட் முக்கால்வாசி நன்றாக இருக்கும் ஃபிரேமைத் தொடவே கூடாது. கீறல்களைத் தொட்டுப் பூசி மெழுகு தடவினால் போதும். அசல் பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். விற்கும்போது வாங்குபவர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்.

உள்பக்கத்துக்கு, பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களின் துளைகள் வழியே ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

கேரியர் மாட்டவும் தண்ணீர் பாட்டில் மாட்டவும் புதுக் கொண்டைகள் (திருகு ஏற்றும் சிறு புடைப்புகள்) வைக்க விரும்புகிறவர்கள் பெயின்டுக்கு முன்பே வைக்க வேண்டும். தெருவோர ஆர்க் வெல்டிங் மெல்லிய குழாயில் ஓட்டை போட்டுவிடும். கேஸ் சுடரில் பித்தளை வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த பழைய கை வேண்டும். கொலம்பஸ் எஸ்.எல். போன்ற குழாயில் முனை 0.9 மி.மீ., நடுப்பகுதி வெறும் 0.6 மி.மீ. அந்த நடுப்பகுதியில் வைப்பதானால் வெள்ளிக் கலவைதான் நல்லது. பித்தளையை விடச் சுமார் 200 டிகிரி குறைந்த சூட்டில் உருகும். கம்பி பிரேக் ரோட்ஸ்டரில், பின் சக்கரத்துக்கு மேலே இரு குழாய்களை இணைக்கும் பிரேக் பாலத்தைத் துளைத்து, ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் காலிப்பர் பிரேக் மாட்டலாமா என்று கேட்பார்கள். பாலம் தடித்த கட்டியாக இருந்தால் மட்டும் செய்யலாம்.

பாகங்கள்: எதைப் பழையதாக வாங்கலாம்

ஹப், கிராங்க் (பெடல் மாட்டும் கை), டீரெய்லர் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்), எஃகு ஹேண்டில்பார், தோல் இருக்கை ஆகியவை பழையதிலேயே நன்றாக இருக்கும். அதிலும் பழைய ஹப்புகள் மலிவு விலைப் பொக்கிஷம்: அச்சில் பால்ரஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பான கோனைத் திறந்து பார்த்து, பால்ரஸ் ஓடும் பாதையில் குழி விழவில்லை என்றால், புதுக் குண்டுகளும் கிரீசும் போட்டால் இன்னொரு இருபது ஆண்டு ஓடும்.

பழையதாக வாங்கக் கூடாதவை: பிரேக் கேபிள், பிரேக் கட்டை, டயர், செயின். கீறலோ வளைவோ உள்ள அலுமினிய ஹேண்டில்பாரும் ஸ்டெமும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். எஃகு முன்னறிவிப்பாக வளையும், அலுமினியம் சொல்லாமல் முறியும்.

ரிம்மில் பிரேக் உரசும் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். குழிந்திருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. கிராங்க்கில் பெடல் மாட்டும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். சதுர அச்சு கிராங்க் என்றால் ஷிமானோ முதலிய ஜப்பான் வகையும் கம்பக்னோலோ முதலிய இத்தாலி வகையும் ஒன்றல்ல. இத்தாலி வகைக் கிராங்க்கை ஜப்பான் அச்சில் ஏற்றினால் சுமார் 4.5 மி.மீ. வெளியே நிற்கும், செயின் நேர்கோட்டில் ஓடாது.

ஓடும் வண்டியிலேயே வாங்குவதானால் செயினை அளந்தால் மீதிக் கதையும் தெரிந்துவிடும். புதுச் செயினில் ஓர் ஆணியிலிருந்து 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 தாண்டியிருந்தால் ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். அதையும் விலையில் கழியுங்கள்.

செலவுக்கு ஒரு கணக்கு: ஃபிரேமின் விலை நீங்கள் ஒதுக்கிய மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், டயர், கேபிள், பால்ரஸ், பெயின்ட் என்று சில்லறையாகப் போகும் காசு உங்களை மூச்சுத் திணற வைக்கும். முடிந்தவரை ஃபிரேமைத் தனியாக வாங்காமல் முழு வண்டியாக வாங்குங்கள். பல நேரம் விலை ஏறத்தாழ ஒன்றுதான். சரியான மரையுள்ள கப்பும், கிராங்க்கை அச்சோடு பிடிக்கும் ஆப்பான கோட்டர் பின்னும் கூடவே வந்துவிடும்.

பூட்டும் வரிசை

ஹெட்செட், பி.பி., கிராங்க், சக்கரம், பிரேக், செயின், கேபிள் என்ற வரிசையில் போனால் எதையும் இரண்டு முறை கழற்ற வேண்டியதில்லை.

பால்ரஸ் எண்ணிக்கை பொதுவாக இப்படி: முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு 1/4. பி.பி.யில் தளர் குண்டு வகையானால் பக்கத்துக்கு 11, அளவு 1/4. கழற்றும்போதே எண்ணி, ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். பழையதில் கிடந்த எண்ணிக்கையையே அப்படியே நம்பவும் கூடாது. முன்பு திறந்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கலாம். வட்டம் நிறையப் போட்டு ஒன்றை எடுத்தால் சரியான எண்ணிக்கை. கோனை இறுக்கும்போது, நட்டு முழுதும் இறுகிய பின் அச்சு ஆட்டமில்லாமலும் பிடிப்பில்லாமலும் சுழல வேண்டும்.

கோட்டர் பின் வகைக் கிராங்க்கில், இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து நுழைய வேண்டும். ஒரே பக்கமிருந்து நுழைத்தால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது. சுத்தியலால் அடிக்கும்போது கிராங்க்கின் அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ரஸ் பாதையில் குழியாக இறங்கும். நட்டு பின்னை இழுப்பதற்கு இல்லை, விழாமல் பிடிப்பதற்குத்தான்.

இடப்பக்கப் பெடல் இடது மரை. பெடல் மரையில் கிரீஸ் தடவாமல் ஏற்றாதீர்கள். சீட் போஸ்ட், ஸ்டெம் இரண்டுக்கும் அப்படியே. ஸ்டெமில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு ஹெட்செட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும்.

ஒரே கியர் வண்டியாகக் கட்டுவதானால் பின் அச்சு வாய் கிடைமட்டமாகப் பிளந்திருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்க முடியும். செங்குத்து வாய் உள்ள ஃபிரேமில் ஒரு கியர் ஆசை வேண்டாம். கியர் கணக்கு: முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கர விட்டத்தின் அங்குலத்தால் பெருக்குங்கள். 44க்கு 18, 28 அங்குலச் சக்கரம் என்றால் 68 வரும். சென்னை போன்ற சமதளத்துக்கு 65 முதல் 70 சுகம். மேடு பள்ளம் உள்ள ஊரில் 60ஐ ஒட்டி வையுங்கள். நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் கியர் போட்டே கட்டட்டும்.

சக்கரக் கோட்டம் எடுப்பதை முதல் முறை தெருமுனைக் கடை அண்ணனிடமே விடலாம். அருகே நின்று பாருங்கள். எந்தக் கம்பியை ஏன் கால் சுற்று திருப்புகிறார் என்பதை எழுத்தில் கற்பதைவிட அங்கே பத்து நிமிடத்தில் கற்கலாம்.

கட்டி முடித்த வண்டியை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கிராங்க், ஹெட்செட், சக்கரக் கம்பிகள், பிரேக் கேபிள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். அதற்கு முன் யாருக்கும் விற்காதீர்கள்.

விற்பது

முழு வண்டியாக விற்பதா, பிரித்து விற்பதா? ஜப்பான், இத்தாலி ரோடு சைக்கிளைப் பிரித்து விற்றால் பொதுவாகக் கூடுதல் பணம் வரும், கூடவே மாதக்கணக்கில் பேரமும் வரும். ஆனால் செயின் கவர், கம்பி பிரேக், விளக்குக் கொண்டை எல்லாம் அசலாகக் கூடி நிற்கும் ரோட்ஸ்டரைப் பிரிக்காதீர்கள். பிரித்த பாகங்களுக்கு விலை சொற்பம். சேர்ந்து நின்றால்தான் அதற்கு மதிப்பு.

விற்பனைக் குறிப்பில் ‘அருமையான நிலை’ போன்ற சொற்களை விட்டுவிட்டு அளவுகளை எழுதுங்கள். சீட் டியூப் நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளந்தீர்கள், குறுக்குப் பாரின் நீளம், பி.பி. மரை வகை, பின் இடைவெளி, சீட் போஸ்ட் விட்டம், ரிம்மின் மில்லிமீட்டர் எண், உள்ளே போகும் அதிகபட்ச டயர் அகலம். பள்ளம், கீறல், துரு ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் அருகில் படம் எடுத்துப் போடுங்கள். குறையைச் சொன்ன வண்டி தாமதமாக விற்கும், திரும்பி வராது. பாகம் தேடுகிறவர் ‘27.2 இருக்கிறதா’ என்றுதான் கேட்பார், ‘அழகான போஸ்ட் இருக்கிறதா’ என்று கேட்பதில்லை.

வெளியூருக்கு அனுப்பும்போது வெறும் ஃபிரேமின் பின் இடைவெளிக்குள்ளும் ஃபோர்க் முனைகளுக்கு நடுவிலும் அதே அகலத்துக்கு வெட்டிய மரக்கட்டையை நிறுத்தித் திருகிவிடுங்கள். பழைய அச்சு இருந்தால் அதுவே போதும். பார்சலில் மேலே ஏறும் மூட்டைகளால் முதலில் நசுங்குவது இந்த இரண்டு இடங்கள்தான். டீரெய்லரைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். நட்டு, போல்ட், கோன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பெட்டிக்குள் எறியாமல் ஃபிரேமிலேயே கட்டிவிடுங்கள்.

மிஞ்சிய பாகங்களை ரகம் பார்த்து வைக்காமல் அளவு பார்த்து வையுங்கள்: 25.4க்கு ஒரு டப்பா, 26.0க்கு ஒரு டப்பா, ஆங்கில மரைக்கு ஒன்று, இத்தாலி மரைக்கு ஒன்று. பிரெஞ்சு மரைப் பாகம் கையில் சிக்கினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு யாரும் கேட்கமாட்டார்கள். தேடிக்கொண்டு வருகிறவர் பேரம் பேசமாட்டார்.